இந்தியாவில் திறந்த அறிவியலும் ஆய்வு மதிப்பீடும்

பொதுப்பணத்தில் நடைபெறும் ஆய்வுகளின் முடிவுகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கவும் பயன்படுத்தவும் வழிசெய்வது திறந்த அறிவியல் எனப்படும். ஓர் ஆய்வாளரின் பணியை எதைக் கொண்டு எடைபோடுவது என்பது ஆய்வு மதிப்பீடு. இவ்விரண்டின் வரலாறும் இந்தியாவில் ஒன்றோடொன்று பிணைந்தது.

தொடக்கம்

2002ஆம் ஆண்டு புடாபெஸ்ட் அறிக்கை திறந்த அணுக்கம் என்ற கருத்தை உலகின் முன் வைத்தது. அதே ஆண்டில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளுக்கு இணையக் களஞ்சியம் அமைத்தது. 2004இல் சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கான பயிற்சிப் பட்டறைகள் நடந்தன. இவற்றில் தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலத்தின் பங்கு பெரிது.

2009 விதிமுறை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறை, ஆய்வேடுகளின் மின்படிகளை ஒப்படைக்கச் சொன்னது. அவை சோத்கங்கா தளத்தில் இடம்பெற்றன. சேலை நெசவுக்குப் பெயர் பெற்ற இளம்பிள்ளையின் தறித்தொழில் பற்றி ஒருவர் ஆய்வேடு எழுதினால், முன்பு அதன் சில படிகள் நூலக அலமாரியில் மட்டுமே இருக்கும். தளத்தில் ஏறிய ஆய்வேட்டையோ, தகவல் தந்த நெசவாளரின் பிள்ளைகளும் கைப்பேசியில் படிக்கலாம்.

ஆனால் பட்டம் பெறுமுன் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட வேண்டும் என்றதும் அதே விதிமுறைதான். 2010 முதல் ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைகளுக்குப் புள்ளிகள் வழங்கப்பட்டன. தரத்தைவிட எண்ணிக்கை முக்கியமாயிற்று. பணம் வாங்கிக்கொண்டு, முறையான மதிப்பாய்வின்றி எதையும் அச்சிடும் போலி இதழ்கள் பெருகின. 'கட்டணமின்றிப் படிக்கலாம்' என்று அவை தம்மையும் திறந்த இதழ்களாகவே அழைத்துக்கொண்டதால், நேர்மையான திறந்த இதழ்களின் மீதும் ஐயம் படிந்தது.

திருத்தங்கள்

இதழின் தாக்க எண்ணைக் கொண்டு ஆய்வாளரை அளவிடக் கூடாது என 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அறிக்கை உருவானது. 2014 டிசம்பரில் இந்தியாவின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் கூட்டாக வெளியிட்ட கொள்கை, தங்கள் நிதியில் எழுதப்படும் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் வைக்கச் சொன்னது. நிதி வழங்கும்போது இதழின் பெயரை அன்றி ஆய்வின் தகுதியையே பார்க்க வேண்டும் என்றும் கூறியது.

2018 மே மாதத்தில் மானியக் குழு தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பின்னர் 'கேர்' பட்டியல் வந்தது. 2022 விதிமுறை முனைவர் பட்டத்துக்கான கட்டாயக் கட்டுரையைக் கைவிட்டது. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலும் நிறுத்தப்பட்டு, இதழ்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடம் விடப்பட்டது.

இன்றைய நிலை

2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு நிறுவனத்தினர் படிக்கலாம். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் நிறைந்துள்ள தனியார் கல்லூரிகளின் மாணவர்களும் பொதுமக்களும் இதன் முதற்கட்டத்தில் இடம்பெறவில்லை. அவர்களுக்கு இன்றும் பயன்படுபவை களஞ்சியங்களும் நேர்மையான திறந்த இதழ்களுமே. ஆய்வாளர்கள் அவற்றில் எழுத முன்வருவது, நியமனக் குழுக்கள் கட்டுரையைப் படித்து மதிப்பிடுகின்றனவா, எண்ணி மதிப்பிடுகின்றனவா என்பதைப் பொறுத்தது.