பெட்டி, பிரதி, கோப்பு: திண்டுக்கல்லில் பிம்பங்களின் இடப்பெயர்ச்சி

சினிமா பற்றிய நம் சொல்லாடல்கள் நட்சத்திரம், கட்சி, கதை என்ற மூன்றுக்குள்ளேயே சுழல்கின்றன. பிம்பமும் ஒரு பொருள், அதை யாராவது தூக்கிச் சுமக்க வேண்டும் என்பது பேசப்படுவதில்லை. வத்தலக்குண்டு, வேடசந்தூர்க் கொட்டகை ரசிகனுக்கு இது தெரிந்திருந்தது. 'பொட்டி வந்துருச்சா?' என்பதே அவன் முதல் கேள்வி. ஆயிரமடிச் சுருள் ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். முழுப் படத்துக்குப் பதினான்கு, பதினைந்து சுருள். ஒரே பிரதியை இரண்டு கொட்டகைகளில் போட்டு, ஓடி முடிந்த சுருளைச் சைக்கிளில் அனுப்பும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது.

ஊர் ஊராகப் போனது பிரதி மட்டுமே. நெகடிவ் சென்னை லேபில் இருந்தது. எடிட்டர் பிலிமையே வெட்டி ஒட்டியவரை, அவருடைய முடிவு பிலிமிலேயே இருந்தது. 1994இல் வெளிவந்த 'மகாநதி' ஆவிட் கணினியில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படங்களுள் ஒன்று. இம்முறையில் முடிவு ஒரு பட்டியலாகக் கணினியில் இருக்கும், மூலம் லேபில் இருக்கும். பிலிம் ஓரத்து எண்களே இரண்டையும் இணைத்தன.

இந்தப் பிளவு 2000க்குப் பின் சிற்றூர்க் கல்யாண வீடியோ ஸ்டுடியோக்களுக்கும் வந்தது. ஒரு மணி நேர டிஜிட்டல் கேசட்டைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். சுமார் 13 ஜி.பி. இடம் பிடிக்கும். ஆறு கேசட் என்றால் 78 ஜி.பி.! அன்றைய 80 ஜி.பி. டிஸ்க் ஒரே முகூர்த்தத்தில் நிரம்பிவிடும். அடுத்த முகூர்த்தம் வந்தால் பழையதை அழித்தாக வேண்டும்.

அழிக்காமல் வேறு டிஸ்குக்கு மாற்றினாலும் சிக்கல் உண்டு. புராஜெக்ட் கோப்பில் பொதுவாகப் படம் இருக்காது. எந்தக் கோப்பு, எந்த டிரைவில், எங்கிருந்து எதுவரை என்ற குறிப்புகள்தான் இருக்கும். டிரைவின் எழுத்தோ ஃபோல்டரின் பெயரோ மாறினால் 'மீடியா ஆஃப்லைன்' என்று வரும். 'லிங்க் போயிருச்சு' என்பார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுகளின் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: புராஜெக்ட் சாவி, மீடியா பெட்டி.

பெருந்தொழில் தன் சாவியைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. டிஜிட்டல் தியேட்டருக்கு ஹார்ட் டிஸ்கில் படம் வரும்; எந்தத் தியேட்டர், எந்த நாள் என்று வரையறுக்கும் சாவிக் கோப்பு தனியே வரும். வசூலைக் காக்க இவ்வளவு ஏற்பாடு. கல்யாண வீட்டாருக்குக் கிடைத்ததோ தொகுத்து முடித்த டி.வி.டி. மட்டும். அதில் மணமக்களும் மேடையேறிய பெரிய மனிதர்களும் இருக்கிறார்கள். வெட்டி நீக்கப்பட்டவற்றில் என்ன இருந்தது? இலை எடுத்த பெண்கள், பறையடித்தவர்கள், சமையல்காரர், பிறகு இடிக்கப்பட்ட தெரு வீடுகள். மையத்தைப் பதிவு செய்யப் போன காமிராவில் தற்செயலாக விழுந்த விளிம்பு அது. இடம் போதாத டிஸ்க் அதைத்தான் முதலில் தின்றது.

வழி எளிதுதான். புராஜெக்டையும் மீடியாவையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, 'கட்' செய்யாமல் 'காப்பி' செய்து, பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டுப் புதியதில் திறந்து பார்க்க வேண்டும். ஷாட்டெல்லாம் வந்த பிறகே பழையதை அழிக்கலாம். அதற்கு முன் வீட்டாரைக் கேட்க வேண்டும். 'காளிதாஸ்' (1931) பிரதி கிடைக்கவில்லை என்று வருந்துகிறோம். சொந்தத் தெருவின் பிரதி எந்த டிஸ்கில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.