எழுத்தும் ஆவியும்: காந்தியடிகள் பாலை விலக்கிய வரலாறு

பொருத்தனை என்றவுடன் நம் திருச்சபையாருக்கு யெப்தா நினைவுக்கு வருவான். சொன்னதை மாற்றலாகாது என்று தன் ஒரே மகளை இழந்தவன் அவன். சொல்லின் எழுத்தை அவன் காத்தான். அச்சொல் யாரைக் காக்க வேண்டியது என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கடந்த நூற்றாண்டில் நம் நாட்டவர் ஒருவர் செய்த பொருத்தனையும் எழுத்துக்கும் ஆவிக்கும் இடையே அகப்பட்டது. அதன் பொருள் பால்.

உயிர்களை வருத்திப் பெறும் இறைச்சியை மட்டுமன்றிப் பால், முட்டை, தேன், தோல் ஆகியவற்றையும் விலக்கும் நெறியை இன்று வீகன் என்கின்றனர். இந்நெறியினரை மடக்க விரும்புவோர் முதலில் அவர்களுடைய செருப்பைப் பார்க்கின்றனர். பின்னர் மருந்துப் புட்டியைப் பார்க்கின்றனர். ஓரிடத்தில் முரண்பாடு தென்பட்டால் நெறி முழுவதும் பொய் என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். இத்தீர்ப்பு நியாயமானதுதானா என்று ஆராய்வதற்குக் காந்தியடிகளின் வரலாற்றைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

1888-இல் இங்கிலாந்து செல்லுமுன் புலால் உண்பதில்லை என்று அவர் தம் அன்னையிடம் வாக்களித்தார். லண்டனில் புலாலுக்கு மூன்று பொருள் வழங்கக் கண்டார். விலங்கு, பறவைகளின் ஊன் மட்டுமே புலால் என்றனர் சிலர். மீனும் அதில் அடங்கும் என்றனர் வேறு சிலர். முட்டையும் அடங்கும் என்றனர் இன்னும் சிலர். முதற்பொருளைக் கொண்டால் முட்டைக்குத் தடையில்லை. சிறிது காலம் அவர் முட்டை உண்டதும் உண்டு. பின்னர் அதை விட்டார். தம் அன்னை எப்பொருளில் அவ்வாக்கைப் பெற்றாரோ அப்பொருளே தம்மைக் கட்டுப்படுத்தும் என்பது அவர் கண்ட முடிவு. வாக்கை வாங்கியவர் கொண்ட பொருளை ஏற்க வேண்டும். இரு பொருள் கொள்ள இடமிருந்தால் எளியவர் பக்கத்துப் பொருளையே ஏற்க வேண்டும் என்பதை அவர் விதியாக்கிக்கொண்டார். இவ்விதியை வாசகர் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

நெறி தம் வீட்டாரைத் தொட்டபோதும் அவர் இளகவில்லை. 1902-இல் பம்பாயில் பத்து வயது மகன் மணிலால் கடுங்காய்ச்சலில் கிடந்தான். முட்டையும் கோழிச்சாறும் கொடுக்கவேண்டும் என்று மருத்துவர் கூறினார். தந்தை மறுத்துத் தண்ணீர்ச் சிகிச்சையை மேற்கொண்டார், பிள்ளை பிழைத்தது. தென்னாப்பிரிக்காவில் கஸ்தூர்பா அம்மையார் அறுவை செய்யப்பட்டுச் சாகும் நிலையில் இருந்தபோது, மாட்டிறைச்சிச் சாறு கொடுத்தேயாக வேண்டும் என்றார் அங்கிருந்த மருத்துவர். இம்முறை முடிவு அம்மையாருடையது. அந்தச் சாற்றால் உடலைத் தீட்டுப்படுத்துவதைவிடக் கணவரின் மடியில் இறப்பதே மேல் என்று அவர் உறுதியாக மறுத்தார். மழை தூறும் நாளில் அவரை ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குக் கொண்டுபோயினர். பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கத் தந்தைக்கு உரிமை உண்டா என்னும் கேள்வி வேறு. அதில் என் மனம் அடிகளுடன் முழுதும் ஒன்றவில்லை.

1910-இல் ஜோகனஸ்பர்க்குக்கு அருகே, யூதக் கட்டடக் கலைஞர் காலன்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. குஜராத்தியருடன் தமிழரும் தெலுங்கரும், இந்துக்களுடன் இசுலாமியரும் பார்சிகளும் கிறிஸ்தவர்களும் அங்கே வாழ்ந்தனர். சமயம் தடுக்காத உணவை எவரேனும் கேட்டால், அது மாட்டிறைச்சியாயினும், கொடுப்பதே தம் கடமை என்று அடிகள் துணிந்திருந்தார். தம் மனைவியின் உயிருக்காகவும் விரும்பாததைப் பிறர் நாவின் சுவைக்காக அளிக்க முன்வந்தார் என்று சிலர் நகைக்கலாம். ஆனால் பொருத்தனை செய்தவனையே பொருத்தனை கட்டும். அடுத்தவனை அன்றாடம் அதற்குள் இழுப்பது வன்முறையாகும் என்பதை அவர் அறிந்திருந்தார். ரோமர் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தைப் படித்த நமக்கு இது புதிதன்று. முடிவில் கிறிஸ்தவ, இசுலாமியச் சகோதரிகள் தாமே மரக்கறிச் சமையலுக்கு இசைந்தனர்.

அப்பண்ணையில் 1912-இல் அவரும் காலன்பாக்கும் பாலைக் கைவிட்டனர். காரணங்கள் இரண்டு. பால் புலனுணர்ச்சியைத் தூண்டும் என்று ராய்சந்த்பாயிடம் அவர் கற்றிருந்தார். கல்கத்தாவிலிருந்து வந்த வெளியீடுகளோ பசுக்களும் எருமைகளும் படும் பாட்டை விவரித்தன. அவற்றுள் கொடியது பூக்கா: கறவையின் பிறப்புறுப்பில் காற்றை ஊதி, எஞ்சிய பாலையும் வற்றக் கறக்கும் முறை. ஆக, இவ்விரதம் முழுவதும் உயிரிரக்கத்தால் பிறந்ததன்று. துறவும் இரக்கமும் அதில் கலந்திருந்தன.

சோதனை 1918-இல் வந்தது. கேடா மாவட்டத்தில் அரசின் போருக்கு ஆள் சேர்க்க அடிகள் ஊர் ஊராக நடந்தார். பசுவின் வலிக்காகப் பால் பருகாதவர், மனிதரைத் துப்பாக்கி ஏந்த அழைத்தார். அவருடைய நண்பர் சி. எஃப். ஆண்ட்ரூஸ் இதை ஏற்க இயலாமல் கடிதங்களில் வாதாடினார். அலைச்சலாலும் குறையுணவாலும் தளர்ந்த உடலைக் கடும் சீதபேதி பற்றியது. 1919 தொடக்கத்தில் பம்பாயில் டாக்டர் தலால் அவருக்கு அறுவை செய்தார். பாலின்றி உடலைத் தேற்ற முடியாது என்றும் கூறிவிட்டார். அடிகள் விரதத்தின் வரலாற்றையும் பூக்காவையும் எடுத்துரைத்தார். படுக்கையருகே நின்ற கஸ்தூர்பா, அப்படியானால் ஆட்டுப் பாலுக்குத் தடையில்லையே என்றார். தமக்காக மாட்டுச் சாற்றை மறுத்த அதே அம்மையார்! மருத்துவர் அந்த வழியைப் பற்றிக்கொண்டார். ரௌலட் சட்டத்தை எதிர்த்துப் போராட உயிர் வேண்டும் என்னும் ஆவல் அடிகளை வென்றது. ஆட்டுப் பாலைப் பருகினார்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதுகையில் எழுத்தை மரணத்தோடும் ஆவியை உயிரோடும் இணைத்தார். பம்பாயில் நடந்தது அதன் தலைகீழ் போலத் தோன்றுகிறது. எழுத்து அவருடைய உடலுக்கு உயிர் கொடுத்தது. செத்தது விரதத்தின் ஆவி. இதை அவர் மறைக்கவில்லை. பொருத்தனை செய்தபோது பசுவும் எருமையுமே மனத்தில் இருந்தன என்று சொல்லி அவர் தப்பியிருக்கலாம்; நம்மில் பலர் அப்படியே தப்பியிருப்போம். ஆனால் பால் என்றால் எல்லா விலங்கின் பாலுமே என்று, லண்டனில் வகுத்த விதியைத் தமக்கு எதிராகவே செலுத்தினார். 1925 முதல் தொடராக வெளிவந்த ‘சத்திய சோதனை’யில், எழுத்தை மட்டும் காத்து ஆவியைப் பலியிட்டதாக அறிக்கையிட்டார். அந்நினைவு தம்மை உறுத்துவதாகவும், தொண்டு செய்யும் ஆசை என்னும் நுட்பமான சோதனையிலிருந்து விடுபட இயலவில்லை என்றும் எழுதினார்.

அவரிடம் நான் காணும் குறை ஆட்டுப் பால் அன்று. பாலைக் குறித்து இவ்வளவு துடித்தவர், அதற்கு முந்தைய ஆண்டின் ஆள்சேர்ப்பைக் குறித்து அந்நூலில் அவ்வளவு துடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. சிறிய முரணில் கூர்மையாக இருந்த மனச்சாட்சி, பெரிய முரணில் சற்று அயர்ந்ததோ என்று ஐயுறுகிறேன். ஒற்தலாமும் வெந்தயமும் தசமபாகம் செலுத்தியவர்களை நம் ஆண்டவர் கடிந்த அதிகாரம் இவ்விடத்தில் மனத்தை விட்டகலவில்லை. ஆயினும் பிழையைப் பிழையென்றே நிறுத்திவைத்த நேர்மை குறைவாக எடைபோடத் தக்கதன்று. பொருத்தனையைத் தம் பலவீனத்தின் அளவுக்கு வெட்டிக் குறைத்திருந்தால் முரண்பாடு மறைந்திருக்கும், பொருத்தனையும் மறைந்திருக்கும்.

1931 நவம்பரில் லண்டன் மரக்கறி உணவாளர் சங்கத்தில் அவர் பேசியபோது, இளமையில் அவரைத் தெளிவித்த நூலின் ஆசிரியர் ஹென்றி சால்ட் அருகில் அமர்ந்திருந்தார். உடல்நலம் ஒன்றையே கருதி இந்நெறிக்கு வருவோர் பெரும்பாலும் நிலைப்பதில்லை, அதற்கு ஒழுக்க அடிப்படை வேண்டும் என்பது அன்றைய உரையின் சாரம். பாலுக்கு ஈடான தாவரப் பொருளைக் கண்டு சொல்லுமாறு அறிந்தோரைப் பலமுறை வேண்டினார். 1935-இல் வார்தாவில் சோயா மொச்சையைச் சோதித்துப் பார்த்தனர். 1942-இல் பூனா ஆகாகான் மாளிகைச் சிறையில் உடல்நலம் பற்றி எழுதியபோதும், பால் விலங்குணவே, அதைத் தூய மரக்கறி உணவில் சேர்க்கலாகாது என்று வரைந்தார். அப்போதும் பால் பருகிக்கொண்டுதான் இருந்தார்.

1944 பெப்ரவரியில் கஸ்தூர்பா அம்மையார் அதே சிறையில் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்னும் மரவேலை ஆசிரியர், போரில் சேர மனச்சாட்சியின்படி மறுத்தவர், பாலையும் முட்டையையும் விலக்கியோருக்காகத் தனிச் சங்கம் தொடங்கினார். பழைய மரக்கறிச் சங்கம் தன் இதழில் அவர்களுக்கு நிலையான இடம் தர மறுத்திருந்தது. வீகன் என்னும் சொல் அன்று பிறந்தது. பிற்காலத்தில் அச்சங்கம் தன் நெறியை வரையறுத்தபோது, இயன்ற வரையில் என்னும் எல்லையையும் உடன் சேர்த்தது. அடிகளின் பொருத்தனையில் அப்படியோர் எல்லை இல்லை. ஆட்டுப் பாலை அவர் பொருத்தனைக்கு வெளியேதான் பருகினார்.