நிலாவை விழுங்கியது யார்? வட்டுக்கோட்டை, 1829

2019 டிசம்பர் 26 காலமை, யாழ்ப்பாணத்தில் வளைய சூரிய கிரகணம். அம்மம்மா விடியவே சமைத்து முடித்து, சாப்பாட்டுக்கு மேல தர்ப்பைப் புல்லுப் போட்டு மூடி வைச்சிட்டா. சித்தப்பா விஞ்ஞான வாத்தியார். அவர் முற்றத்தில் மட்டை ஒன்றில சின்ன ஓட்டை போட்டு, சூரியனின் விம்பத்தை நிலத்தில் விழுத்தி, ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாருக்கும் விளங்கப்படுத்தினார். கிரகணம் முடிஞ்சதும் நேரே கிணத்தடிக்குப் போய்த் தோய்ஞ்சுபோட்டு வந்துதான் தேத்தண்ணி குடிச்சார்.

"வெறும் நிழல்தானே சித்தப்பா, பிறகேன் தோய்ஞ்சனீங்கள்?" எண்டு கேட்டேன்.

"நிழல்தான். அதுக்கென்ன இப்ப?" எண்டார்.

அப்ப எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கம்பஸ் வந்து, எங்கட வரலாற்றுப் பாடத்துக்காக வட்டுக்கோட்டைச் செமினரியைப் பற்றி வாசிக்கத் தொடங்கினபோதுதான் சித்தப்பாவின் பதில் எவ்வளவு பழையது என்று விளங்கியது.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். அதன் முதல் அதிபர் டானியல் பூவர். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல் எல்லாம் அங்கே படிப்பிக்கப்பட்டன. நோக்கம் ஒளிவுமறைவானதல்ல, ஊராரைக் கிறிஸ்தவர்களாக்குவதுதான். ஆனால் அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த ஆயுதம் வேதாகமம் மட்டுமல்ல, விஞ்ஞானமும்தான். சைவர்களின் புராணங்கள் பூமியின் நடுவில் மேருமலை இருப்பதாகவும், அதைச் சுற்றி உப்பு, கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர் என்று ஏழு கடல்கள் இருப்பதாகவும் சொல்கின்றன. கிரகணம் என்றால் இராகு, கேது விழுங்குவது. இவை பொய் என்று காட்டிவிட்டால் சைவம் தானாகச் சரிந்துவிடும் என்று மிஷனரிமார் கணக்குப் போட்டார்கள்.

அதைக் காட்டுவதற்கான சந்தர்ப்பம் 1829 மார்ச் 20இல் வந்தது. அன்றைக்கு ஒரு சந்திர கிரகணம். அராலி விசுவநாத சாஸ்திரியார் அக்காலத்தில் பேர்பெற்ற பஞ்சாங்க கணிதர். அவருடைய பஞ்சாங்கத்தில் கிரகணத்தின் நேரமும் அளவும் குறிக்கப்பட்டிருந்தன. பூவர் தன்னுடைய முறையில் கணித்துப் பார்த்தபோது தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், மறையும் அளவு மூன்றிலும் வித்தியாசம் இருந்தது. ஊர் பார்த்திருந்தது. அன்றிரவு நிலா பூவரின் கணக்குப்படி மறைந்தது.

பஞ்சாங்கம் சும்மா ஒரு புத்தகம் இல்லை என்பதை நாங்கள் ஞாபகம் வைக்க வேண்டும். கோயில் கொடியேற்றம், கலியாணம், விதைப்பு, திவசம் எல்லாம் அதைப் பார்த்துத்தான். ஆகவே அதில் ஒரு பிழை என்பது கணக்குப் பிழை மட்டுமல்ல, ஊரின் நேரத்தைத் தீர்மானிக்கிறவர்களின் அதிகாரத்திலும் விழுகிற அடி.

மிஷனரிமார் இதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடினார்கள். ஆனால் அந்த வாதத்தை ஆறுதலாகப் பிரித்துப் பாருங்கோ. பஞ்சாங்கக் கணக்கு பிழை. ஆகவே புராணம் பிழை. ஆகவே சைவம் பிழை. ஆகவே கிறிஸ்தவம் சரி. நாலு படி. அன்றிரவு நிலா நிரூபித்தது முதலாவது படியை மட்டும்தான்.

இரண்டாவது படியே ஆடுகிறது. ஏனென்றால் பஞ்சாங்க கணிதர்கள் பாம்பை வைத்துக் கணக்குப் பார்க்கவில்லை. சூரிய சித்தாந்தம் போன்ற வானியல் நூல்களில் பூமி உருண்டை. சந்திர கிரகணம் என்பது பூமியின் நிழல் சந்திரனில் விழுவது. ஆரியபட்டர் இதை 499ஆம் ஆண்டளவிலேயே எழுதிவிட்டார். அதாவது புராணத்தின் வானமும் கணிதரின் வானமும் பூவர் வருவதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே வேறு வேறாகத்தான் இருந்தன. ஒரே ஆள் காலமை நிழலைக் கணக்குப் பார்த்து, பின்னேரம் இராகுவுக்கு விளக்கேற்றலாம். அவருக்கு அதில் இடைஞ்சல் ஒன்றும் இருக்கவில்லை. என்ர சித்தப்பாவுக்கும் இல்லை.

மிஷனரிமாரின் சொந்த வீட்டுக் கதை இன்னும் சுவாரசியம். யோசுவாவின் புத்தகத்தில் யுத்தம் முடியும்வரை சூரியன் நடுவானில் அசையாமல் நின்றதாக வருகிறது. சூரியன் ஓடினால்தானே நிற்க முடியும்? பூமிதான் சுற்றுகிறது என்று சொன்ன கலிலியோவைக் கத்தோலிக்க திருச்சபை 1633இல் விசாரித்துத் தண்டித்தது. அவருடைய நூல் தடைசெய்யப்பட்ட புத்தகப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது 1835இல்தான். வட்டுக்கோட்டையில் பிள்ளைகள் கொப்பர்நிக்கஸைப் படித்துக்கொண்டிருந்த 1829இல் அந்த நூல் ரோமின் பட்டியலில் இன்னும் இருந்தது!

அமெரிக்க மிஷனரிமார் புரட்டஸ்தாந்தர்கள், ரோமின் பட்டியல் அவர்களைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். ஆனால் அவர்களிடம் இருந்ததும் அதே வேதாகமம். அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? அவர்களுடைய மரபின் மூலவர்களில் ஒருவரான கல்வின் 16ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வழி காட்டியிருந்தார். ஆதியாகமம் சூரியனையும் சந்திரனையும் இரண்டு பெரிய சுடர்கள் என்கிறது. ஆனால் சனிக்கோள் சந்திரனைவிடப் பெரியது என்று வானியலாளர்கள் சொல்கிறார்களே? மோசே வானியல் படிப்பிக்க வரவில்லை, சாதாரண சனங்களின் கண்ணுக்குத் தெரிகிறபடி பேசினார் என்பது கல்வினின் விளக்கம். நல்ல விளக்கம்தான். ஆனால் இந்தத் தாராளத்தை மேருமலைக்கும் இராகுவுக்கும் கொடுக்க மிஷனரிமார் தயாராக இருக்கவில்லை. தன்ர நூலில் முரண் வந்தால் அது உவமை, மற்றவன்ர நூலில் வந்தால் அது மூடநம்பிக்கை.

பிறகு என்ன நடந்தது? சைவம் சரியவில்லை. மாணவர்கள் வானியலையும் கணிதத்தையும் விருப்பத்தோடு படித்தார்கள், படித்து முடித்து அரசாங்க வேலைக்குப் போனார்கள். எதிர்பார்த்த அளவுக்கு மதமாற்றம் நடக்காததும் 1855இல் செமினரி மூடப்பட்டதற்கு ஒரு காரணம். அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், பிற்காலத்தில் சைவத்துக்குத் திரும்பினார். செமினரியிலேயே படித்துப் படிப்பித்த கணித வல்லுநர் கறோல் விசுவநாதபிள்ளையும் அப்படித்தான். அவர்கள் படித்த விஞ்ஞானத்தைக் கைவிட்டுவிட்டுத் திரும்பவில்லை, அதோடேயே திரும்பினார்கள். ஆறுமுக நாவலர் 1854இல் வெளியிட்ட சைவதூஷணபரிகாரத்தில், நீங்கள் பழிக்கிற கிரியைகளைப் போன்றவை உங்கட வேதாகமத்திலும் இருக்கின்றனவே என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

மற்றப் பக்கத்திலும் ஒருவர் மாறினார். பூவருக்குப் பிறகு அதிபராக வந்த ஹொய்சிங்டன் நம் வானியலைப் பிழை பிடிக்கத்தான் படித்திருக்கலாம். ஆனால் 1848இல் அந்த வானியலை மொழிபெயர்ப்போடும் விளக்கத்தோடும் ஒரு முழு நூலாகவே வெளியிட்டார். பிறகு சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவர் சைவராகவில்லை. ஆனால் எதிராளி உண்மையில் எதை நம்புகிறான் என்று உட்கார்ந்து வாசித்தார்.

இன்றைக்கும் எங்கட வீடுகளில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம். சித்திரை வருஷப்பிறப்புக்கு இரண்டு நேரம். திருக்கணிதம் நவீன வானியல் அவதானிப்புகளை ஏற்றுத் திருத்திக்கொண்டது. கணக்கு மாறியது, மருத்துநீர் மாறவில்லை.

இதையெல்லாம் எழுத வைத்தது ஒரு சின்னச் சண்டை. என்னோட படிக்கிற சிநேகிதி ஒருத்தி உயர்தரத்தில் உயிரியல் செய்துவிட்டுக் கலைப்பீடத்துக்கு வந்தவள். தேவாலயத்தில் ஊறினவள். "கூர்ப்பை சோதனைக்காகப் பாடமாக்கினான், நம்பேல்லை" என்று ஒருநாள் கன்ரீனில் சொன்னாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம், நான்தான் கூடச் சிரித்தேன். அவள் எழும்பிப் போய்விட்டாள். இரண்டு கிழமை என்னோட கதைக்கவில்லை.

1829ஐ வாசித்தபோது எனக்கு அந்தச் சிரிப்புத்தான் ஞாபகம் வந்தது. நான் பூவரின் கதிரையில் இருந்திருக்கிறேன். கிரகணத்தன்று அம்மம்மா சொன்னதற்காகச் சாப்பிடாமல் இருந்த அதே நான்.

போய் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, முதலே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: கூர்ப்பு உண்மையென்றால் உனக்கு எது பறிபோகும்?

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "குரங்கு பிரச்சினை இல்லையடி. பலமானதுதான் தப்பும் எண்டால், எங்கட அண்ணா மாதிரிப் பிள்ளையளுக்கு என்ன பெறுமதி?" அவளுடைய அண்ணா பிறவியிலேயே நடக்க முடியாதவர்.

விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை, இயற்கையில் என்ன நடக்கிறது என்பது வேறு, யாருக்கு என்ன பெறுமதி என்பது வேறு என்று நான் சொன்னேன். அவள் முழுசாக ஏற்கவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பற்றிக் கதைத்தோம். அந்தக் கதை இன்னும் முடியவில்லை. போன கிழமை டார்வினை இரவல் கேட்டிருக்கிறாள். பதிலுக்கு யோபுவின் புத்தகத்தை வாசிக்கச் சொல்லி எனக்குத் தந்திருக்கிறாள்.