வண்டி பேசும் மொழி

யப்பானிலிருந்து வந்த பழைய மோட்டார் வண்டிகளிற் சிலவற்றை இயக்கியதும், ஒரு பெண்குரல் ஏதோ பணிவாகச் சொல்வதைக் கல்முனையில் நாம் பலரும் கேட்டிருக்கிறோம். அது வணக்கம் என்று எண்ணி மகிழ்ந்தோரும் உளர். உண்மையில், நெடுஞ்சாலையிற் சுங்கப்பணம் கட்டும் அட்டை செருகப்படவில்லை என்றே அக்குரல் எச்சரிக்கின்றது. காரைதீவுச் சந்தியில் அதற்கு வேலை ஏது? சிரித்துவிட்டுப் போகலாம். ஆயினும் நம் செவிக்கு எட்டாமலே அவ்வண்டிக்குள் நடைபெறும் பேச்சு வேறு பல உண்டு. அவற்றின் வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

1958ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் சேவையைப் பொறுப்பேற்றதைப் பெரியோர் அறிவர். அக்கால வண்டிகளிற் சாரதியின் காலுக்கும் சக்கரத்துக்கும் இடையில் இரும்பும் எண்ணெயும் காற்றுமே இருந்தன. பழுதென்றால் கராஜில் உள்ளவர் கண்ணாற் கண்டு திருத்தினார்.

1977இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ரொரொனாடோ என்னும் காரில், தீப்பொறி எழும் நேரத்தைக் கணிக்கச் சிறு கணினியொன்று அமர்ந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் பொஷ் நிறுவனம், பிறேக்கை அழுத்துகையிற் சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் மின்னியற் கருவியை மெர்சிடிஸ் காரிற் பொருத்தியது. மாரிமழையில் வழுக்கும் வீதியில் இஃது உயிர்காப்பது. கருவியைப் பழிப்பது எமது நோக்கமன்று. 1986இல் அதே நிறுவனம், வண்டியிலுள்ள கணினிகள் யாவும் இரண்டே கம்பிகளிற் பேசிக்கொள்ளும் முறையை வெளியிட்டது. செம்பும் பாரமும் மிச்சமாயின. ஆனால், செய்தியை அனுப்பியவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இருக்கவில்லை. வீட்டிலுள்ளோர் மட்டும் பேசும் வரையில் அது குறையாகத் தோன்றவுமில்லை.

பின்னர் வண்டிகள் தொலைபேசி வலையோடு இணைந்தன. 2015 ஜூலையில் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்னும் இரு ஆய்வாளர்கள், வீட்டிலிருந்தபடியே, அமெரிக்க நெடுஞ்சாலையில் ஓடிய ஜீப் ஒன்றின் வேகத்தை அடக்கிக் காட்டினார்கள். ஓட்டியவர் முன்னரே உடன்பட்ட பத்திரிகையாளர். அதன்பின் 14 இலட்சம் வண்டிகள் திருத்தத்துக்கு அழைக்கப்பட்டன.

அந்த ஜீப் நம் ஊரில் அரிது. நமக்கு அண்மையது ரொயோட்டா பிரியஸ். 2010 பெப்ரவரியில், மேடுபள்ளமான அல்லது வழுக்கலான தரையில் பிறேக்கு ஒரு கணம் பிடி தளரும் குறைக்காக, பிரியஸ் உட்பட 4 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் உலகெங்கும் அழைக்கப்பட்டன. 2014 பெப்ரவரியில், மின்சக்தியை மாற்றும் பகுதி அளவுமீறிச் சூடேறி வண்டி வழியில் நின்றுவிடக்கூடும் என்று மேலும் 19 இலட்சம் பிரியஸ் கார்கள் அழைக்கப்பட்டன. இரு முறையும் பரிகாரம் மென்பொருளை, அதாவது கணினிக்கு இட்ட கட்டளைத் தொகுதியை, மாற்றி எழுதுவதே. ஸ்பானருக்கு அங்கு வேலையில்லை.

இனி, அந்த அழைப்புக் கடிதம் எங்கே போகும்? யப்பானில் வண்டியைப் பதிந்தவர் வீட்டுக்குப் போகும். அவரோ அதனை விற்றுவிட்டார். வண்டி கடல் கடந்து வந்து நிந்தவூரிலோ பாண்டிருப்பிலோ பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்கின்றது. ஏலத்தில் வாங்கும்போது ஓடிய தூரத்தையும் வண்ணத்தையும் துருவித் துருவிக் கேட்கும் நாம், இதனை ஒரு முறையேனும் கேட்டதுண்டா?

வண்டிகளின் மென்பொருட் காவலுக்கென ஐக்கிய நாடுகள் சபையின் கீழ் இயற்றப்பட்ட விதிகள் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. அவை புதியனவாகச் செய்யப்படும் வண்டிகளுக்கே உரியன. 2020 முதல் தடைப்பட்டிருந்த இறக்குமதி 2025இல் மீண்டும் திறந்த பின்னரும், நம் வீதிகளில் ஓடுபவற்றுட் பல அவ்விதிகளுக்கு மூத்தவை.

வண்டியின் அடிச்சட்ட எண்ணை அதைச் செய்த நிறுவனத்தின் யப்பானிய இணையப் பக்கத்தில் இட்டால், அழைப்பு ஏதும் நிலுவையில் உண்டா என்று காணலாம். கணினி பயின்ற நம் இளைஞருக்கு இது சிறிது நேர வேலை. அவ்வெண் வாகனப் பதிவுப் புத்தகத்திலும் உண்டு.