எண்ணும் உடலும்: கோலார் தங்கவயலை முன்வைத்துக் கணிதம், உடற்கல்வி ஆகிய பட்டப்படிப்புகளின் வரலாறு

முன்னுரை

பள்ளிக்கூடத்தில் 'கணக்கு வாத்தியார்' என்றும் 'பி.டி. வாத்தியார்' என்றும் அழைக்கப்படும் இருவரும் ஆசிரியர்களே. எனினும் இவ்விருவருக்கும் சமூகம் வழங்கும் மதிப்பு ஒன்றாக இருந்ததில்லை. முன்னவர் மூளைக்குரியவராகவும் பின்னவர் உடலுக்குரியவராகவும் கருதப்படுகின்றனர். இப்பாகுபாடு இவர்களை உருவாக்கிய பட்டப்படிப்புகளின் வரலாற்றிலும் பதிந்துள்ளது. தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் குடியேறிய கோலார் தங்கவயல், எண்ணையும் உடலையும் இரு வேறு வகுப்பாரின் உடைமையாக்கிய தொழில் நகரமாகும். எனவே அந்நகரத்தைக் களமாகக் கொண்டு இவ்விரு கல்விகளின் வரலாற்றை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்களின் சான்று

தமிழில் 'கணக்கு' என்னும் சொல் தொடக்கத்தில் எண்ணை மட்டும் குறிக்கவில்லை. பதினெண்கீழ்க்கணக்கு என்னும் தொகைப்பெயரில் அது நூலைக் குறிக்கிறது. நக்கீரரின் தந்தையார் மதுரைக் கணக்காயனார் எனப்படுகிறார். இங்குக் 'கணக்காயர்' என்பதன் பொருள் ஆசிரியர் என்பதாம். எண்ணும் எழுத்தும் கற்பிப்பவர் ஒருவரே என்ற நிலையை இச்சொல் உணர்த்துகிறது. பிற்காலத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் பொன்னிலக்கமும் மனனம் செய்விக்கப்பட்டன. காரியார் இயற்றிய கணக்கதிகாரம் நிலம், பொன், நெல் ஆகியவற்றின் அளவைகளை வாழ்க்கையோடு பிணைத்துக் கற்பித்தது.

உடற்பயிற்சிக்கும் தனி மரபு உண்டு. சிலம்பம் கற்பித்தவர் 'ஆசான்' என்றும் 'வாத்தியார்' என்றும் மதிக்கப்பட்டார். ஆயினும் அவர் கல்விக்கூடத்திற்கு வெளியிலேயே இருந்தார். 'தேகப்பயிற்சி' என்று தொடங்கி, 'உடற்பயிற்சி' என மாறி, 'உடற்கல்வி' என நிலைபெற்ற சொல் வரலாறு, அக்கலை பள்ளிக்குள் நுழைந்து கல்வி என்னும் தகுதியைப் பெற முயன்ற வரலாறே எனலாம்.

தங்கவயலில் எண்ணும் உடலும்

ஜான் டெய்லர் நிறுவனம் 1880ஆம் ஆண்டு கோலார் சுரங்கங்களின் பொறுப்பை ஏற்றது. அதன்பின் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர்கள், குறிப்பாக ஒடுக்கப்பட்ட சமூகத்தினர், திரளாகக் குடியேறினர். சாம்பியன் ரீஃப், ஊரிகம், மாரிக்குப்பம், நந்திதுர்க்கம் ஆகிய இடங்கள் சுரங்கக் குடியிருப்புகளாயின. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் இங்குக் கொண்டுவரப்பட்டது. நாளடைவில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழத்தை எட்டியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கும் மேற்பட்டது. அங்கு உழைத்தவர்களின் நுரையீரலைச் சிலிக்கா தூசு தாக்கியமையை 1940களின் மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்தன.

இவ்வுழைப்பின் மறுபக்கம் எண்ணாகும். நில அளவை, தாதுவின் மதிப்பீடு, காற்றோட்டக் கணக்கு, சம்பளப் பதிவு ஆகியன அலுவலகத்துக்குரியவை. அவற்றின் உயர் பதவிகள் ஐரோப்பியரிடமும் அவர்களை அடுத்து ஆங்கிலோ இந்தியரிடமும் இருந்தன. தொழிலாளரோ கணக்கிடுபவராக அன்றிக் கணக்கிடப்படுபவராகவே இருந்தார். 1930ஆம் ஆண்டு தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்ய முற்பட்டபோது அவர்கள் மூன்று வாரங்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தம் உடல் ஒரு பதிவேட்டின் எண்ணாகச் சுருக்கப்படுவதற்கு எதிரான குரலாக இப்போராட்டத்தைக் கொள்வது பொருந்தும்.

இதே மக்கள் எழுத்தைத் தமதாக்கிக் கொள்ள முனைந்தமையும் இங்குக் கருதத்தக்கது. மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இயங்கியது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் 1914இல் மறைந்த பின்னர், 1920களில் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. கல்வியே விடுதலைக்கு வழி என்னும் எண்ணம் சுரங்கக் குடியிருப்புகளில் வேரூன்றியிருந்தது என்பது இதனால் புலனாகிறது.

கணிதப் பட்டப்படிப்பு

எனினும் தங்கவயலின் மாணவருக்குப் பட்டப்படிப்பு தொலைவிலேயே இருந்தது. பெங்களூர்ச் சென்ட்ரல் கல்லூரி முதலில் 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அதன் அறிவியல் பாடங்களின் நிலைக்களமாயிற்று. 1964இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தங்கவயல் கல்லூரிகள் அதன்கீழ் இயங்கிப் பின்னர், 2017இல் கோலாரைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வந்தன.

கர்நாடகக் கல்லூரிகளில் கணிதம் தனித்து அன்றி, இயற்பியல், வேதியியல் முதலியவற்றோடு மும்மைப் பாடங்களுள் ஒன்றாக நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. இப்பட்டத்தோடு பி.எட். முடித்தவர் கணித ஆசிரியரானார். பாடத்தையும் பயிற்றுமுறையையும் ஒருங்கே கற்பிக்கும் நான்காண்டுப் படிப்பு, 1963இல் மைசூரில் தொடங்கப்பட்ட மண்டலக் கல்வியியல் கல்லூரியின் வழியே அறிமுகமாயிற்று.

தங்கவயல் உயர்நிலை அறிவியலுக்கு இடமளித்த ஊர் என்பதும் நினைக்கத்தக்கது. 1965இல் இச்சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் தடம் கண்டறியப்பட்டது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களுடன் இணைந்து இதனை நிகழ்த்தினர். பாறை வெடிப்புகளை ஆராயும் தேவையோடு தொடர்புடைய தேசியப் பாறை இயங்கியல் நிறுவனம் 1988இல் இங்கேயே தொடங்கப்பட்டது. உலகத் தரமான கணிதம் தொழிலாளரின் காலடியில் நிகழ்ந்தது. அவர்தம் பிள்ளைகளின் வகுப்பறைக்கு அது எளிதில் வந்து சேரவில்லை.

உடற்கல்விப் பட்டப்படிப்பு

தென்னிந்தியாவில் உடற்கல்வி ஆசிரியப் பயிற்சி 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்து தொடங்குகிறது. அதுவரை பள்ளிகளில் அணிவகுப்புப் பயிற்சி அளித்தவர்கள் பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்களாவர். 'டிரில் மாஸ்டர்' என்னும் வழக்கு அதன் எச்சமாகும். உடலியல், உளவியல், விளையாட்டுகளின் அமைப்பு ஆகியவற்றைக் கற்ற ஆசிரியரைப் பக் உருவாக்க விரும்பினார். சான்றிதழும் பட்டயமுமாகவே நெடுநாள் இருந்த இக்கல்வி, 1957இல் குவாலியரில் இலட்சுமிபாய்க் கல்லூரி தொடங்கப்பட்டபோது மூன்றாண்டு இளநிலைப் பட்டமாக உயர்ந்தது. தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிப் பல்கலைக்கழகம் அமைக்க 2004இல் சட்டம் இயற்றப்பட்டது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட்., பி.பி.எட். ஆகிய இரண்டையும் ஈராண்டுப் படிப்புகளாக்கின. கால அளவில் இரு கல்விகளும் அன்று சமநிலை எய்தின.

கோலாரில் பிறந்த கென்னத் பவல் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர். 1965இல் அர்ச்சுனா விருது பெற்றவர். ஆனால் ஒரு வீரர் தோன்றுவது வேறு. ஒவ்வொரு பள்ளியிலும் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருப்பது வேறு. முன்னது தனித்திறன், பின்னது சமூக ஏற்பாடு.

சட்டம் காட்டும் வேறுபாடு

1964–66ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய கோத்தாரிக் கல்விக்குழு, பள்ளியின் முதற் பத்தாண்டுகளுக்கு அறிவியலும் கணிதமும் அனைவருக்கும் கட்டாயமாக வேண்டுமெனப் பரிந்துரைத்தது. உடற்கல்வி உடல் நலத்திற்கு மட்டுமின்றி மனவளத்திற்கும் உதவும் என்றும் அக்குழு கூறியது. நடைமுறையில் முன்னது தேர்வுக்குரிய பாடமாயிற்று. பின்னது தேர்வு நெருங்கும்போது விட்டுக்கொடுக்கப்படும் பாடவேளையாயிற்று.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இவ்வேறுபாட்டை வெளிப்படையாக்கியது. அச்சட்டத்தின் அட்டவணைப்படி ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் அறிவியல், கணிதத்திற்கென ஆசிரியர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். உடற்கல்விக்கோ, மாணவர் எண்ணிக்கை நூற்றுக்கு மேற்பட்டால் பகுதிநேரப் பயிற்றுநர் போதுமானவர். படிப்பின் காலம் சமமானபோதும் பணியின் நிலை சமமாகவில்லை.

சுரங்கம் மூடிய பின்

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. தந்தையின் தொழிலை மகன் ஏற்கும் வழி அடைபட்டது. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் தொடர்வண்டிகள் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோரைச் சுமந்து சென்றன. பட்டம் பெருமை என்னும் நிலையிலிருந்து பிழைப்பின் தேவையாக மாறியது. ஆசிரியப்பணி அதற்கொரு வழி. ஆனால் தமிழ்வழியில் பயின்றவர் கர்நாடக அரசுப் பள்ளியில் பணிபெறக் கன்னட மொழியறிவும் பெற வேண்டியவராகிறார். கணிதப் பட்டமாயினும் உடற்கல்விப் பட்டமாயினும் இத்தடையைக் கடந்தே அவர் செல்ல வேண்டும். அதனைக் கடந்த பின்னும் உடற்கல்வியைத் தேர்ந்தவருக்குப் பகுதிநேரப் பணி என்னும் இரண்டாம் தடை காத்திருக்கிறது.

கர்நாடகத்தில் 2021–22இல் புதிய கல்விக் கொள்கையின்படி அமைந்த பட்டப்படிப்பில் உடற்கல்வியும் யோகமும் எல்லா மாணவர்க்கும் உரிய மதிப்புக் கூட்டுப் பாடங்களாகச் சேர்க்கப்பட்டன. கணிதம் பயிலும் மாணவர் உடற்கல்வியையும் பயிலும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று. 2024–25இல் மாநில அரசு அந்நான்காண்டு அமைப்பைக் கைவிட்டு மூன்றாண்டுப் பட்டத்திற்குத் திரும்பியது. அமைப்பு மாறினும், அது எழுப்பிய வினா மறையவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன தெளிவாகின்றன.

1. எண்ணையும் எழுத்தையும் ஒருவரே கற்பித்த தமிழ் மரபில், உடற்கலை ஆசான் மதிப்புடையவராயினும் கல்விக்கூடத்திற்கு வெளியிலேயே நின்றார்.

2. தங்கவயலின் தொழிலமைப்பு, எண்ணை ஆள்வோருக்கும் உடலை உழைப்போருக்கும் உரியதாகப் பிரித்தது.

3. 1957, 1963, 2014 ஆகிய ஆண்டுகளின் மாற்றங்கள் இரு ஆசிரியக் கல்விகளையும் பட்ட நிலையில் நெருங்கச் செய்தன. 2009ஆம் ஆண்டுச் சட்டமோ பணிநிலையில் அவற்றை விலக்கியே வைத்தது.

உடலுழைப்பால் ஒரு நாட்டின் பொன்னை ஈட்டித் தந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு, உடலைப் பற்றிய கல்வி இரண்டாந்தரமானது என்று கூறுவது வரலாற்று நேர்மையாகாது. பாட்டனின் நுரையீரலைத் தூசு தின்ற ஊரில், உடல்நலத்தை முறையாகக் கற்பிக்கும் ஆசிரியர் முழுநேரப் பணியாளராக இருத்தல் வேண்டும். கணக்கிடப்பட்டவரின் பிள்ளைகள் கணக்கிடுபவராக உயர்வதற்குக் கணித ஆசிரியர் எவ்வளவு இன்றியமையாதவரோ, அவ்வளவு இன்றியமையாதவர் அவரும் ஆவார்.