வீட்டுப்பாடமும் விளக்கில்லா வீடும்

வீட்டுப்பாடம் என்னும் தொடரில் இரண்டு சொற்கள் உள்ளன. பாடத்தைப் பள்ளி தருகிறது. வீட்டை யார் தருவது? இவ்வினாவைக் கையில் ஏந்திக்கொண்டு நம் சமுதாயத்தின் கல்வி வரலாற்றைப் புரட்டினால், இதுவரை கண்ணிற்படாத பல செய்திகள் புலப்படும். நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், வீட்டுப்பாடத்திற்கு மாற்றாக நம் முன்னோர் எவற்றைக் கண்டனர் என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

திண்ணைப் பள்ளிக் காலம்

பழைய திண்ணைப் பள்ளியில் கற்பதெல்லாம் பெரும்பாலும் பள்ளியிலேயே நடந்தது. பிள்ளைகள் காலையில் வந்து பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தனர். மணலில் விரலால் எழுதினர். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். பெல்லாரி மாவட்டக் கலெக்டர் காம்பெல் 1823ஆம் ஆண்டு அறிக்கையில் இம்முறையை விவரித்துள்ளார். அதற்கு முன்னரே, 1789இல் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் இல்லத்தில் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், மணலெழுத்தையும் மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் கையாண்டார். 1797இல் இலண்டனில் அதனை நூலாகவும் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' என்றே பெயர்பெற்றது. கடல் கடந்து புகழ்பெற்ற அந்தத் திண்ணையில் நம் பிள்ளைகளுக்கு மட்டும் இடமில்லை.

செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் நம் மக்களின் அவலநிலையை அரசுக்கு எடுத்துரைத்தார். 1893இல் சென்னை அரசாங்கம் ஒடுக்கப்பட்டோர் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றுப் பகுதியில் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். இவ்வாறு மெல்ல மெல்ல நம் பிள்ளைகளின் பெயர்கள் பள்ளிப் பதிவேட்டில் ஏறின. ஆயின் அதற்குள் பள்ளியின் போக்கே மாறியிருந்தது. மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடியும் பள்ளியில், எஞ்சிய பாடம் பிள்ளையோடு வீட்டிற்குச் சென்றது. எந்த வீட்டிற்கு என்று எவரும் கேட்கவில்லை.

அண்ணலின் ஓர் அறை

அண்ணல் அம்பேத்கர் பம்பாய்ப் பரேல் பகுதியில் ஒரே அறை கொண்ட குடியிருப்பில் இருந்து படித்தார். மாலையில் மகனை உறங்கவைத்துவிட்டுத் தந்தை இராம்ஜி விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டுத் தாம் படுப்பார். அதன்பின் மண்ணெண்ணெய் விளக்கொளியில் படிப்பு நடக்கும். இந்நிகழ்ச்சியை விடாமுயற்சிக்குச் சான்றாக நாம் மேடைகளில் கூறுகிறோம். அதில் மறைந்திருக்கும் மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். இராம்ஜி இராணுவப் பள்ளியில் ஆசிரியராயிருந்தவர்; எழுத்தின் அருமை அறிந்தவர். அத்தகைய தந்தை வாய்க்காத பல்லாயிரம் பிள்ளைகள் அதே நகரத்தில் அதே இரவில் உறங்கிப்போயினர். அவர்களை அண்ணல் மறக்கவில்லை. 1924இல் அவர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, 1925 சனவரியில் சோலாப்பூரில் மாணவர் விடுதியைத் திறந்தது. தமக்குத் தந்தை தந்ததை, தந்தையால் தர இயலாத பிள்ளைகளுக்குச் சபையின் மூலம் தந்தார்.

இவ்வழியில் அவருக்கும் முன்னோடிகள் உண்டு. பூனாவில் மகாத்மா பூலேயும் சாவித்திரிபாயும் 1855இல் உழைப்பாளர்களுக்காக இரவுப் பள்ளி நடத்தினர். நம் தமிழகத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். இரவுப் பள்ளியும் விடுதியும் நம் வரலாறு கண்ட மாற்று வழிகள். விளக்கு, அமைதியான ஒரு நேரம், ஐயம் கேட்க அருகிலேயே ஒரு மூத்த மாணவன் ஆகிய மூன்றும் அங்கே கிடைத்தன. திண்ணையில் நமக்கு மறுக்கப்பட்ட அதே முறையை நாமே நமக்கென அமைத்துக்கொண்டோம்.

நோட்டை விலக்கினால் போதுமா?

மேல்நாடுகளில் வீட்டுப்பாடத்தை வேறு காரணம் பற்றி எதிர்த்தனர். பிள்ளையின் உடல்நலமும் விளையாட்டும் கெடுகின்றன என்றனர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1901இல் பதினைந்து வயதுக்குட்பட்டோர்க்கு வீட்டுப்பாடம் கூடாதெனச் சட்டமே இயற்றி, 1917இல் அதனை நீக்கிற்று. நம் நாட்டில் பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு, 1993இல் அளித்த 'சுமையின்றிக் கற்றல்' அறிக்கையில், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுச் சூழலை ஆராயும் பணிகளன்றி வேறு வீட்டுப்பாடம் வேண்டாமென்றது. 2018 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றமும் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாதென ஆணையிட்டது.

இவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும் நோட்டை விலக்குவதனால் மட்டும் நம் பிள்ளைக்கு நீதி கிட்டாது. வசதியுள்ள வீட்டில் நோட்டு இல்லாவிடினும் டியூஷன் உண்டு, நாளிதழ் உண்டு, கேட்டால் பதில் சொல்லத் தாய் உண்டு. ஆசிரியப் பணியில் நான் கண்டது இது: கணக்குப் போடாமல் வரும் பிள்ளையை அருகே அழைத்து அன்போடு விசாரித்தால், தம்பியைப் பார்த்துக்கொண்டதும், குழாயடியில் காத்து நின்றதும், ஆடுகளை ஓட்டிவந்ததும் வெளிவரும். சோம்பல் காரணமாக இருப்பது அரிது.

கொரோனா நோய்க்காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது இவ்வேற்றத்தாழ்வு நாடறிய வெளிப்பட்டது. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், தன்னார்வலர்கள் குடியிருப்புகளிலேயே மாலைதோறும் ஒரு மணி நேரத்திற்கு மேல் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். பழைய இரவுப் பள்ளியின் பேரப்பிள்ளை என்று அதனைக் கூறலாம்.

எழுதப்படாத ஏடு

யஷ்பால் குழு விட்டுவைத்த விதிவிலக்கையும் எண்ணிப் பாருங்கள். வீட்டுச் சூழலை ஆராயும் பணி நம் இல்லங்களுக்கே மிகவும் பொருந்தும். எழுத்தறியாத தாத்தாவுக்கு 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்பது மனப்பாடம். நடவு நட்ட ஆத்தாவுக்கு நெல் வகைகளின் பெயர்கள் தெரியும். ஏரியின் மதகு எப்போது திறந்தது, கூலி எவ்வளவு மரக்கால் என்பனவெல்லாம் அவர்கள் நினைவில் உள்ளன. இவற்றைக் கேட்டு எழுதிவருமாறு பணித்தால், படிப்பில்லாத வீடு என்று இகழப்பட்ட வீடே பாடநூலாகும். தாத்தாவுக்கும் தாம் ஆசிரியரென்னும் பெருமிதம் தோன்றும்.

இளைஞர்களே! நம் சங்கத்திற்குப் பெரிய கட்டடம் கிட்டும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு குடியிருப்பிலும் ஓர் அறை, ஒரு நல்ல விளக்கு, மாலை 6 முதல் 8 வரை அங்கே அமர்ந்திருக்கக் கல்லூரியில் பயிலும் இருவர் இருந்தால் போதும். அடிக்க வேண்டாம், அதட்ட வேண்டாம், பிள்ளை கேட்கும்போது பதில் சொன்னால் போதும். இரவு இரண்டு மணிக்கு எழுப்ப ஒரு தந்தை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மாலை ஆறு மணிக்கு அழைக்க ஓர் அண்ணனும் அக்காளும் நம் ஊர்களில் இருக்கின்றனர்.