பண்டைச் சீனச் சிந்தனையில் 'தாவோ': அகழ்வுச் சான்றுகள் வழி ஒரு மீள்பார்வை

பண்டைச் சீன மெய்யியலைப் பயிலப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் சொற்களுள் ஒன்று 'தாவோ'. பாதை என்பது இதன் அடிப்படைப் பொருள். பேசுதல் என்னும் பொருளும் இதற்கு உண்டு. நடக்கும் பாதையைக் குறித்த சொல், நாளடைவில் நடக்கவேண்டிய முறையையும் குறிக்கலாயிற்று. தமிழில் 'நெறி' என்னும் சொல்லும் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்பதால் இவ்வளர்ச்சியை நாம் எளிதில் உணரலாம்.

கன்பூசியசு (கி.மு. 551–479) தாவோ எனக் குறித்தது பெரும்பாலும் மாந்தர் பேண வேண்டிய வாழ்வியல் நெறியையே ஆகும். முன்னோர் வழிவந்த சடங்கொழுக்கமும் மனிதநேயமும் அதன் கூறுகள். 'தாவோ தே ஜிங்' நூலோ, வானுக்கும் மண்ணுக்கும் முற்பட்டதும் பெயரில் அடங்காததுமான மூலத்தைத் தாவோ என்கிறது. இவ்வேறுபாட்டைக் கொண்டு, இரு சாராரும் தொடக்கமுதலே எதிரணியினர் என்று கருதப்பட்டு வந்தது. இக்கருத்து மீளாய்வுக்குரியது என்பது நம் துணிபு.

1973இல் ஹூனான் மாநில மாவாங்துயில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து இந்நூலின் இரு பட்டுப் படிகள் கிடைத்தன. அவற்றில் 'தே' பகுதி முன்னும் 'தாவோ' பகுதி பின்னும் அமைந்துள்ளன. 1993இல் ஹூபெய் மாநிலக் குவோதியானில் கிடைத்த மூங்கிற் சுவடிகள் இவற்றினும் பழையவை; ஏறத்தாழக் கி.மு. 300ஐ ஒட்டியவை. இன்றைய நூலின் 19ஆம் இயல் மனிதநேயத்தையும் அறநேர்மையையும் கைவிடச் சொல்கிறது. குவோதியான் சுவடியின் அப்பகுதியில் அத்தாக்குதல் இல்லை. மேலும், அதே கல்லறையில் கன்பூசிய நூல்களும் உடன் வைக்கப்பட்டிருந்தன.

இதனால் முரணே இருந்ததில்லை என்று கூறுவது மிகையாகும். 'சுவாங்சி' நூல் கன்பூசியரை எள்ளும் இடங்கள் பல. எனினும், 'தாவோ மரபினர்' என ஒரு பள்ளியைப் பெயரிட்டு வகைப்படுத்தியவர் கி.மு. 110இல் மறைந்த ஹான் காலச் சீமா தான் ஆவார். பிற்கால வகைப்பாட்டை முற்காலத்தின்மேல் ஏற்றிக் காண்பது வரலாற்று முறையன்று.

ஆகவே, தாவோவைப் 'பிரம்மம்' என்று ஒரே சொல்லால் பெயர்த்துவிடுதல் பொருந்தாது. அவ்வாறு பெயர்ப்பின், அச்சொல்லின் அடியில் கிடக்கும் பாதை மறைந்துபோகும். எவருடைய தாவோ, எக்காலத்துச் சுவடி என்னும் இரு வினாக்களையும் மாணவர்முன் வைத்தபின்னரே இச்சொல்லுக்குப் பொருள் கூறுதல் தகும்.